கட்டுத்தரைக்கு எந்த வண்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் பசுந்தீவனம் பற்றி எழுதும்போது, என் குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டியில்) மாட்டுக்குத் தீவனத் தட்டு ஏற்றி வருவதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சரி, இந்த முறை முழுக்க வண்டிதான். மூலனூர்ப் பக்கம் கட்டுத்தரை வைத்துப் பிழைக்கிற எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், கழுவத் தெரியும், பட்டறையில் நின்று பேரம் பேசத் தெரியும். இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியாது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். எட்டு கறவை மாடு, இருபது வெள்ளாடு வைத்திருக்கிறேன். பால் சொசைட்டி 3 கிலோமீட்டர். தீவனக் காடு 4 கிலோமீட்டர் தள்ளி, அதில் கடைசிப் பகுதி மண் தடம். தவிடு, புண்ணாக்குக்கு டவுனுக்குப் போக வேண்டும். இப்போது கையில் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். மற்றதுக்கு வாடகை லோடு ஆட்டோ. பொலிரோ பிக்கப் எடுக்கலாம் என்பது என் ஆசை. நண்பர்கள் குட்டி யானை போதும் என்கிறார்கள். அப்பா டிராக்டர்தான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், வெள்ளக்கோவில் அருகே

தம்பி, ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து எடையை எழுதுங்கள். கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம். எட்டு மாட்டுக்கு 200 முதல் 240 கிலோ. வெள்ளாட்டுக்கு 4 கிலோ என்று வைத்தால் 80. ஆக, தினமும் காட்டிலிருந்து வருவது 300 கிலோ சுமார். தீவன மூட்டை 50 கிலோ. ஒரு நடைக்குப் பத்து மூட்டை எடுத்தால் அரை டன். வண்டி செய்யப்போகிற வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்.

பாலைத் தனியாக வைத்துப் பாருங்கள். 40 லிட்டர் கேன் நிறைந்தால் கேனோடு சேர்த்து 50 கிலோ வரும். எக்ஸ்எல் 100-க்கு கம்பெனிக்காரர்களே 130 கிலோ வரை என்று சொல்லியிருக்கிறார்கள். வேளைக்கு ஒரு கேன் கொண்டுபோக அதுவே தாராளம். புது வண்டி வந்த ஜோரில் எக்ஸ்எல்லை விற்றுவிடாதீர்கள். விடியற்காலை 3 கிலோமீட்டருக்கு ஒரு கேன் பாலோடு பிக்கப்பைக் கிளப்புவது டீசலுக்கும் கேடு, இன்ஜினுக்கும் கேடு. ஏன் கேடு என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

உங்கள் கணக்குக்கு முக்கால் டன் தாங்கும் வண்டி போதும். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது இதை நம்பி யார் சுமை ஏற்றுவார்கள் என்று கேட்டவர்கள்தான் பின்னால் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்ஜின் இல்லை, டெக்கின், அதாவது பின்னால் சுமை ஏற்றும் தளத்தின் உயரம். பனி இறங்கிய காலையில் அறுத்த நேப்பியர் புல் கட்டு எப்படி கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தோளில் வடிய அதைத் தூக்கிப் போடும்போது, டெக் இடுப்பளவில் இருந்தால் கட்டைச் சாய்த்துத் தள்ளிவிடலாம். பெரிய பிக்கப்பில் அதே கட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கி எறிய வேண்டும். ஷோரூமில் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். உங்கள் வீட்டில் தினமும் புல் ஏற்றுவது யார்? அவரைக் கூட்டிப்போய் டெக் ஓரத்தில் நிறுத்திப் பாருங்கள். அம்மாவோ மனைவியோதான் ஏற்றுகிறார் என்றால் வண்டியை அவர்தான் தேர்வு செய்ய வேண்டும்.

குட்டி யானையின் பலவீனம் சக்கரம். 12 அங்குலச் சக்கரம் கரிசல் சேற்றில் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். உங்கள் தடம் செம்மண் சரளை என்றால் பயமில்லை. கரிசல் என்றால், மழைக்காலத்தில் தினமும் தீவனம் வந்தாக வேண்டும் என்றால், அப்போது பொலிரோ பிக்கப் பக்கம் வாருங்கள். 15 அங்குலச் சக்கரம், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி, முரட்டு ஸ்பிரிங் பிளேட்டுகள். ஒன்றேகால் டன்னுக்கு மேல் பல மாடல்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் அசோக் லேலண்டின் தோஸ்த் இருக்கிறது. 2011-ல் வந்தது, ஓசூர்த் தயாரிப்பு, சுமார் ஒன்றேகால் டன் தாங்கும். நெல் அறுப்பு சமயத்தில் டெல்டாவுக்குப் போய் வைக்கோல் ஏற்றிவரும் பழக்கம் இருந்தால் தோஸ்தையோ பொலிரோவையோ யோசிக்கலாம். வருடத்தில் ஒரு சீசனுக்கு என்றால் வைக்கோலை வாடகை வண்டியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டிகள் எல்லாமே பெரும்பாலும் பின்சக்கர இழுவை. வெறும் வண்டியாகக் காட்டுக்குப் போகும்போது பின்பக்கம் லேசாக இருப்பதால்தான் சேற்றில் சக்கரம் சும்மா சுற்றும். ஐப்பசி, கார்த்திகையில் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை போட்டு வைத்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

அப்பா சொல்வதும் தப்பில்லை. உழவும் எருவடிப்பும் சொந்தக் காட்டிலேயே நிறைய இருந்தால் டிராக்டரும் டிரெய்லரும் சோறு போடும். ஆனால் பத்து மூட்டை தவிட்டுக்கு டவுனுக்கு டிராக்டரில் போய் வந்தால் அரை நாள் போச்சு. அந்த நேரத்தில் இங்கே மாடு கத்திக்கொண்டிருக்கும்.

கடைசியாக, நீங்கள் வாங்கப்போகிற வண்டிக்கு வெள்ளக்கோவிலில் எத்தனை மெக்கானிக் கை வைப்பார்கள் என்று விசாரியுங்கள். கிளட்ச் கேபிளும் ஃபேன் பெல்ட்டும் பக்கத்துக் கடையில் தொங்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் பார்சல் வர வேண்டிய சாமான் என்றால், அந்த வண்டி எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் நமக்கு ஆகாது. மாடு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடும்.

பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டி எடுத்தேன். தினமும் தீவனக் காட்டுக்கும் வீட்டுக்கும்தான் ஓடுகிறது, போக வர 5 கிலோமீட்டர் இருக்கும். அடிக்கடி டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, இழுவையும் குறைகிறது. பட்டறையில் 'ஃபில்டரை எடுத்துவிடலாம், தொல்லை விட்டது' என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ராசிபுரம்

செய்யாதீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகையிலிருக்கும் கரியைப் பிடித்துவைக்க சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வைத்திருக்கிறார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும். இன்ஜின் முழுசாகச் சூடாகி, ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். உங்கள் வண்டி சூடாவதற்குள் காடு வந்துவிடுகிறது, அணைத்துவிடுகிறீர்கள். திரும்ப வீடு, திரும்ப அணைப்பு. கரி சேர்ந்துகொண்டே போகும், எரிய வாய்ப்பே இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை சேலம் ரோட்டில் அரை மணி நேரம் நடுநடுவே நிறுத்தாமல் ஓட்டுங்கள். தவிடு வாங்கும் நடையை அதற்கு வைத்துக்கொண்டால் தனிச் செலவு இல்லை. சுத்தம் செய்யும் வேலை நடப்பதாக விளக்கு காட்டினால், வீடு வந்துவிட்டது என்று உடனே அணைக்காதீர்கள். இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். விளக்கு சிவப்பானாலோ அணையவே மறுத்தாலோ சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டிச் சுத்தம் செய்வார்கள். வடிகட்டியைக் கழற்றி எறிந்தால் புகைச் சான்றிலும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிலும் மாட்டுவீர்கள், வாரன்டியும் போகும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஓட்டம் முழுக்க இப்படித் துண்டு துண்டுதான் என்றால் டீசலே வேண்டாம். டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர் பெட்ரோலில் வருகிறது. மாருதி சூப்பர் கேரி 2016-ல் டீசலாக வந்து, பிஎஸ்6-க்குப் பிறகு பெட்ரோலும் சிஎன்ஜியும் என்று மாறிவிட்டது. சின்ன வண்டியில் சின்ன ஓட்டத்துக்கு பெட்ரோல் கணக்கு ஒன்றும் பயப்படும்படி இருக்காது. சிஎன்ஜி மலிவுதான். ஆனால் பங்க் 25 கிலோமீட்டர் தள்ளி இருந்து, அங்கேயும் வரிசையில் நிற்க வேண்டும் என்றால் மலிவு எங்கே?

கறவை மாட்டைப் பொள்ளாச்சி சந்தையிலிருந்து குட்டி யானையில் ஏற்றி வந்தபோது வழியில் நிறுத்தி விதி மீறல் என்று சொன்னார்கள். ஒரு வண்டியில் எத்தனை மாடு ஏற்றலாம்? ஆட்டுக்கு என்ன கணக்கு?
– வாசகி, உடுமலைப்பேட்டை

அம்மா, இதற்கு இரண்டு விதிகள் இருக்கின்றன. 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள்படி சரக்கு வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக்கூடாது. தரை வழுக்காமல் தென்னைநார் விரிப்போ பலகையோ போட வேண்டும். மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும்.

2016 ஜனவரியிலிருந்து மோட்டார் வாகன விதியிலும் இடக்கணக்கு வந்தது. மாட்டுக்கும் எருமைக்கும் தலைக்கு 2 சதுர மீட்டர், அதாவது இருபத்தொன்றரைச் சதுர அடி. ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர், மூன்றேகால் சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. நடுவே தடுப்பும் இருக்க வேண்டும். குட்டி யானையின் டெக் ஏறக்குறைய ஏழு அடிக்கு ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. போட்டுப் பாருங்கள். ஒரு மாடு, இல்லையென்றால் பத்து ஆடு. இரண்டாவது மாட்டுக்கு இடமில்லை. ஒன்பதடி டெக் உள்ள பிக்கப்பில் இரண்டு மாடு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாட்டை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். மிரளாமல் இருக்க இன்ஜினைப் பார்த்து நிற்பது நல்லது என்று அந்த 1978 விதியிலேயே எழுதியிருக்கிறது, அனுபவமும் அதுதான். பிரேக் போடும்போது மாடு முன்னால் சாயும். தலை கேபின் பக்கம் இருந்தால் முன்னங்காலை ஊன்றிச் சமாளித்துக்கொள்ளும். கயிற்றை ரொம்ப இறுக்கிக் கட்டாதீர்கள். காலை மாற்றி வைத்து நிற்க அதற்கு இடம் வேண்டும், ஆனால் திரும்பிப் படுக்கிற அளவுக்கு நீளம் விடக்கூடாது. மூன்று சக்கர லோடு ஆட்டோவில் மாடு ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மாடு ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் கூடவே சாயும்.

மாடு ஏற்றுவதற்காகவே பெரிய வண்டி வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வருடத்தில் எத்தனை முறை மாடு வாங்குவோம், விற்போம்? அதற்குத் தடுப்பு, சாய்வுப் பலகை எல்லாம் வைத்திருக்கிற வாடகை வண்டியைக் கூப்பிடுங்கள். உடம்பு சரியில்லாத மாட்டை வண்டியில் ஏற்றி அலையவும் வேண்டாம், 1962-க்கு போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். நிறைசினை மாட்டையும் ஏற்றாதீர்கள்.

வண்டி வாங்கி மூன்று வருடம்தான். டெக் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மட்டமான தகடா?
– வாசகர், கரூர்

தகடு மட்டமா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சாணியும் மூத்திரமும் ஏறுகிற வண்டி, செங்கல் ஏற்றும் வண்டியைவிட சீக்கிரம் போகும். அது இயல்பு. தரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் மடிப்பில் சாணி அடைந்து காய்ந்துவிடும். மேலே தண்ணீர் அடித்தால் டெக் பளிச்சென்று இருக்கும், மடிப்புக்குள் அது ஊறிக்கொண்டே கிடக்கும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த மடிப்பு நெடுக இழுத்துப் பாருங்கள், கறுப்பாகக் களி வரும். பின்கதவுக் கீலுக்கு அடியிலும், கேபினுக்குப் பின்னால் டெக் முட்டுகிற இடத்திலும் இதே கதைதான். நான் எருவோ சாணியோ ஏற்றிய அன்றே பின்கதவைத் திறந்துவிட்டு, வண்டியை மேட்டில் பின்பக்கம் தாழ நிறுத்திக் கழுவுவேன். தண்ணீர் தானே ஓடிவிடும். டெக்கில் தண்ணீர் இறங்கும் ஓட்டைகள் அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்திவிடுங்கள். அடிப்பக்கமும், பிளேட் கட்டு நெடுகவும் தண்ணீர் படட்டும். காய்ந்த பிறகு கிரீஸ்.

ரப்பர் விரிப்பு போடலாம், ஆனால் வாரம் ஒருமுறையாவது தூக்கிக் காயவையுங்கள். தூக்காமல் விட்டால் அந்த விரிப்பேதான் துருவுக்கு வீடு. உங்கள் ஓட்டைக்கு மேல் தகடு வைத்து வெல்டிங் செய்யும் முன், அடியிலுள்ள குறுக்குச் சட்டம் நன்றாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

அப்புறம், வண்டியைக் கட்டுத்தரைக்குள் நிறுத்தாதீர்கள். மாடு உடம்பைத் தேய்த்துக் கண்ணாடியை உடைக்கும், வெள்ளாடு பானட் மேல் ஏறும், வைப்பர் ரப்பரைத் தின்னும். வைக்கோல் போருக்குப் பக்கத்திலும் வேண்டாம். அங்கே எலி இருக்கும், வயர் அதற்கு இஷ்டமான தீனி.

கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. சொந்தப் பண்ணைக்குச் சின்ன சரக்கு வண்டி ஓட்ட பேட்ஜ் வேண்டுமா? பர்மிட்?
– வாசகி, தாராபுரம்

7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை எல்.எம்.வி. (கார் போன்ற இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், பேட்ஜ் மாதிரி தனி அனுமதி வேண்டாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. நாம் பேசும் வண்டிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். சுமையோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பர்மிட்டும் வேண்டாம். பெரிய பிக்கப்புகள் சில அதைத் தாண்டும், ஆர்.சி.யில் மொத்த எடையைப் பாருங்கள். எஃப்.சி. மட்டும் உண்டு: எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். அதிக பாரம் ஏற்றாதீர்கள். 2019-ல் திருத்திய சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

கரன்ட் வண்டி நமக்கு ஒத்துவருமா?
– வாசகர், பெருந்துறை

சிலருக்கு நன்றாகவே ஒத்துவரும். காலையும் மாலையும் ஒரே வழி, ஒரே தூரம், இரவு வீட்டில் நிற்கும் என்றால் யோசிக்கலாம். மஹிந்திராவின் மூன்று சக்கர டிரியோ சோர் 2020-ல் வந்தது, டாடா ஏஸின் மின்சார வண்டி 2022-ல். கிளட்ச் இல்லை, டி.பி.எஃப். தொல்லை இல்லை. விடியற்காலையில் சத்தமில்லாமல் கிளம்பலாம். மாடு பழகிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆனால் கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச இணைப்பில் வண்டியைச் சார்ஜ் போடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது பம்புசெட்டுக்கு மட்டும், பிடிபட்டால் அபராதம். வீட்டு இணைப்பில்தான் போட வேண்டும், வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். வண்டி கழுவும்போது பேட்டரி இணைப்புகளில் பிரஷர் வாஷரை நேராக அடிக்கவும் கூடாது. தினமும் சாணி கழுவுகிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. உங்கள் ஊரில் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வரும்வரை நானாக இருந்தால் பொறுத்திருப்பேன்.

பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், அந்தியூர்

காலையில் போங்கள், 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்பத் திணறுகிற வண்டி என்று பொருள். இதற்கு முன் அது என்ன ஏற்றியது என்று விசாரியுங்கள். காய்கறி, தண்ணீர் கேன் என்றால் நல்லது. ஹாலோ பிளாக், ஜல்லி என்றால் ஸ்பிரிங் பிளேட்டையும் சேஸையும் (வண்டியின் அடிச்சட்டத்தையும்) நன்றாகப் பாருங்கள். பின் பிளேட் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் கூடுதல் பிளேட் போட்டிருக்கிறதா? வண்டிக்கு அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்து, சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கூச்சப்படக்கூடாது. மற்ற இடமெல்லாம் மங்கிப்போய், டெக்கின் அடியில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால் அதற்குக் கீழே துரு இருக்கும். மேட்டில் சுமையோடு இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள், கிளட்ச் நழுவினால் அங்கேயே தெரிந்துவிடும்.

காகிதத்தில், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் கடன் முடிந்த என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராத பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்.சி. எப்போது முடிகிறது என்பதையும் கவனியுங்கள். முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் டயர், பிரேக், டிங்கரிங், பெயின்ட் என்று வரப்போகிற செலவை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, அதை விலையில் கழித்துக் கேளுங்கள். விற்பவருக்கும் அந்தச் செலவு தெரியும். அதனால்தான் இந்த மாதம் விற்கிறார்.